டெபாசிட் இழந்தவர்களின் வரலாறு

இந்திய அரசியல் சட்டம் 1950ல் நடைமுறைக்கு வந்தபோது, அதில் அரசியல் கட்சிகளைப் பற்றி ஒரு வரி கூடக் கிடையாது. மக்களவைக்குப் போட்டியிட இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 25 வயது நிரம்பியிருக்க வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். அவ்வளவுதான். கட்சி என்ற ஒன்று அரசியல் சட்டத்துக்குள் நுழைந்ததே 1985ல் கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்தபோதுதான். ஆக, சட்டத்தின் கண்ணில் முதலில் இருந்தவர் வேட்பாளர். கட்சி பிறகு வந்தது.

ஆனால் நடப்பில் கதை வேறு. எந்தக் கட்சியின் துணையும் இல்லாமல் நிற்பவரை "சுயேச்சை" என்று தனியாகப் பெயரிட்டு அழைக்கிறோம். வாக்குச்சீட்டில் அவருக்குக் கடைசி வரிசை, சின்னத்தில் கடைசித் தேர்வு, செய்தித்தாளில் "மற்றும் பலர்". இந்தக் கடைசி வரிசைக்காரர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு.

தொடக்க காலம்

1951-52ல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் 489 இடங்களுக்கு 533 சுயேச்சைகள் நின்று 37 பேர் வென்றார்கள். 1957ல் 481 பேர் நின்று 42 பேர் வென்றார்கள். கிட்டத்தட்ட பதினோரு பேருக்கு ஒருவர். அதற்குப் பின் இன்றுவரை அத்தனை சுயேச்சைகள் மக்களவைக்குள் போனதில்லை.

அந்த வெற்றிகளை வைத்து, அக்காலத்தில் சாமானியர்கள் எளிதில் வென்றார்கள் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. வென்றவர்களில் பழைய சமஸ்தானத்தவர்கள் இருந்தார்கள். பிகானேர் மகாராஜா கர்ணி சிங் 1952 முதல் தொடர்ந்து ஐந்து முறை சுயேச்சையாகவே வென்றவர். இன்னும் சிலர் பெயருக்குத்தான் சுயேச்சை. 1957ல் திமுகவுக்குத் தேர்தல் கமிஷனின் அங்கீகாரம் இல்லை. அதனால் காஞ்சிபுரம் சட்டமன்றத் தொகுதியில் வென்ற அண்ணாவே கமிஷனின் ஏடுகளில் சுயேச்சைதான்.

உண்மையான சாமானியர் நின்றதும் உண்டு, தோற்றதும் உண்டு. சிலர் தோற்பதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். உத்தரப்பிரதேசத்தின் பரேலியில் துணிக்கடை வைத்திருந்த காகா ஜோகிந்தர் சிங் முந்நூறுக்கும் மேற்பட்ட தேர்தல்களில் நின்றவர். 1992 குடியரசுத் தலைவர் தேர்தலில் சங்கர் தயாள் சர்மாவை எதிர்த்து நின்று 1,135 மதிப்புள்ள வாக்குகளும் பெற்றார். நம் மேட்டூரில் டயர் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் பத்மராஜன் 1988 முதல் தேர்தல்களில் நின்று தோற்று வருபவர். இருநூறைத் தாண்டிவிட்டது கணக்கு. கேலி செய்தவர்கள் ஏராளம். இவர்களைப் பொறுத்தவரை, மனு தாக்கல் செய்வதே ஒரு குடிமகனின் உரிமையை நினைவூட்டும் செயல்.

நல்கொண்டாவின் 480 பேர்

சுயேச்சைகளின் வரலாற்றில் 1996 ஒரு திருப்புமுனை. அதன் மையம் அன்றைய ஆந்திராவின் நல்கொண்டா.

நல்கொண்டாவின் நிலத்தடிப் பாறைகளில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் ஆபத்து என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அந்த மாவட்டத்தின் பல கிராமங்களில் கிணறும் ஆழ்துளைக் குழாயும் அதைவிடப் பல மடங்கு கொடுத்தன. முதலில் பல் பழுப்பாகும். வருடங்கள் போகப் போக எலும்பு இறுகும், முதுகு வளையும், முழங்கால் கோணலாகும். குழந்தைகள் நடக்க முடியாமல் வளர்ந்தார்கள். நாற்பது வயதில் கிழவர் போலக் கூன் விழுந்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள்.

இதில் ஒரு வேதனையான முரண் உண்டு. நீரிலிருந்து ஃபுளோரைடை நீக்க நாக்பூரில் உள்ள நீரி என்ற தேசிய ஆய்வு நிறுவனம் ஒரு முறையைக் கண்டுபிடித்தது. படிகாரம், சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் மூன்றையும் வைத்துச் செய்யும் எளிய முறை. அதன் பெயரே "நல்கொண்டா முறை". அது ஆப்பிரிக்கா வரை போய்ச் சேர்ந்தது. மாவட்டத்தின் பெயர் ஊர் உலகமெல்லாம் பரவியது. மாவட்டத்துக்கு நல்ல தண்ணீர் வரவில்லை. கிருஷ்ணா நதியும் நாகார்ஜுன சாகர் அணையும் அதே மாவட்டத்தின் எல்லையில்தான் இருக்கின்றன.

மனு கொடுத்தார்கள், ஊர்வலம் போனார்கள், பலனில்லை. ஸ்ரீசைலம் அணையின் இடது கரைக் கால்வாயைக் கொண்டுவர வேண்டும், குடிக்கக் கிருஷ்ணா நீர் வேண்டும் என்று கேட்டுவந்த ஜல சாதன சமிதி என்ற அமைப்பு 1996 மக்களவைத் தேர்தலில் புதிய வழி ஒன்றைக் கையில் எடுத்தது. ஒருவர் அல்ல, நூற்றுக்கணக்கானவர்கள் வேட்புமனு தாக்கல் செய்வது. ஃபுளோரைடால் உடல் வளைந்தவர்களும் விவசாயிகளும் வரிசையில் நின்று மனு கொடுத்தார்கள். அன்றைக்கு டெபாசிட் 500 ரூபாய்தான். தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் 250. முன்மொழிய ஒரே ஒரு வாக்காளர் போதும்.

கடைசியில் களத்தில் நின்றவர்கள் 480 பேர். அத்தனை பெயர்களையும் சின்னங்களையும் ஒரே தாளில் அச்சிட முடியாது. வாக்குச்சீட்டு புத்தகமானது. தேர்தலைத் தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. நல்கொண்டா என்ற பெயரை அதுவரை கேட்டிராதவர்கள், ஏன் அங்கே இத்தனை பேர் என்று கேட்டார்கள். அந்தக் கேள்விதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

வென்றவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் பொம்மகானி தர்ம பிக்ஷம். மற்றவர்களில் 477 பேர் டெபாசிட் இழந்தார்கள்.

அதே ஆண்டில் கர்நாடகத்தின் பெல்காம் மக்களவைத் தொகுதியில் மொழி எல்லைப் பிரச்சினையை முன்வைத்து 456 பேர் நின்றார்கள். தமிழ்நாட்டில் ஈரோடு அருகே மொடக்குறிச்சி சட்டமன்றத் தொகுதியில் விவசாயிகளின் கோரிக்கைகளுக்காக 1,033 பேர் நின்றார்கள். அங்கும் வாக்குச்சீட்டு புத்தகம்தான், அங்கும் தேர்தல் தள்ளிப்போனது. அந்த வேட்பாளர்களில் 88 பேருக்கு ஒரு ஓட்டு கூட விழவில்லை. அதாவது, தன் ஓட்டைக்கூடத் தனக்குப் போட்டுக்கொள்ளாதவர்கள். ஜெயிக்க வந்தவர்கள் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

கதவு சுருங்கியது

நாடு முழுவதும் அந்தத் தேர்தலில் 13,952 வேட்பாளர்கள். அவர்களில் 10,600க்கும் மேற்பட்டோர் சுயேச்சைகள். வென்றவர்கள் 9 பேர்.

அரசு விழித்துக்கொண்டது. நல்கொண்டாவில் தண்ணீர் ஏன் கெட்டது என்பதைவிட, வாக்குச்சீட்டு ஏன் நீண்டது என்பதற்குத்தான் முதலில் விடை தேடப்பட்டது. 1996லேயே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் திருத்தப்பட்டது. மக்களவை டெபாசிட் 500 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு முன்மொழிய ஒருவர் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும் என்றானது. முன்பெல்லாம் எந்த வேட்பாளர் இறந்தாலும் அந்தத் தொகுதியின் தேர்தல் நின்றுபோகும். இப்போது அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளர் இறந்தால் மட்டும்தான் வாக்குப்பதிவு தள்ளிவைக்கப்படும். சுயேச்சை இறந்தால் தேர்தல் அதன் போக்கில் நடக்கும்.

விளைவு உடனே தெரிந்தது. 1998 தேர்தலில் மொத்த வேட்பாளர்கள் 4,750. சுயேச்சைகள் 1,915. இரண்டே ஆண்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே. 2010ல் டெபாசிட் 25,000 ரூபாயாக உயர்ந்தது. பதிவான செல்லத்தக்க வாக்குகளில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் பெறாவிட்டால் அந்தப் பணம் திரும்பாது.

குடியரசுத் தலைவர் தேர்தலில் இந்தக் கதவு இன்னும் முன்பே சாத்தப்பட்டது. 1967ல் அந்தப் பதவிக்கு 17 பேர் நின்றார்கள், 9 பேருக்கு ஒரு வாக்கும் இல்லை. 1974ல் பத்து உறுப்பினர்கள் முன்மொழிய வேண்டும், பத்துப் பேர் வழிமொழிய வேண்டும் என்று விதி வந்தது. 1997ல் அது ஐம்பது, ஐம்பது ஆனது. காகா ஜோகிந்தர் சிங் போன்ற ஒருவர் இனி அந்தப் பட்டியலில் இடம்பெறுவது நடக்காத காரியம்.

தடை வேண்டும் என்பவர்கள்

சுயேச்சைகளை அடியோடு நிறுத்திவிட வேண்டும் என்ற குரலும் உண்டு. சட்டக் கமிஷன் 1999ல் தன் 170வது அறிக்கையிலும், 2015ல் 255வது அறிக்கையிலும் இதைப் பரிந்துரைத்தது. பதிவு செய்த கட்சிகள் மட்டுமே போட்டியிடலாம் என்பது அதன் சாரம்.

அதற்கான காரணங்களை ஒதுக்கிவிட முடியாது. சுயேச்சைகளில் பலர் பெரிய கட்சிகளே ஏற்பாடு செய்து நிறுத்தும் டம்மிகள். எதிராளியின் பெயரையே உடைய ஒருவரைத் தேடிப் பிடித்து நிறுத்துவது பழைய தந்திரம். 2024ல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வம் சுயேச்சையாக நின்றபோது, அதே தொகுதியில் வேறு சில ஓ.பன்னீர்செல்வங்களும் மனு தாக்கல் செய்ததைத் தமிழகமே பார்த்தது. குழப்பத்தைக் குறைக்கத்தான் 2015லிருந்து வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளர் புகைப்படமும் ஒட்டுகிறார்கள்.

இதற்கு எதிர்வாதமும் எளிமையானதுதான். டம்மிகளை நிறுத்துவது கட்சிகள். அதற்குத் தண்டனை மட்டும் சாமானியனுக்கா? கட்சியில் சேராத ஒருவர் ஓட்டுப் போடலாம், ஓட்டுக் கேட்கக்கூடாது என்றால், குடிமகனின் உரிமை பாதியாகிவிடாதா? இந்தப் பரிந்துரைகள் சட்டமாகவில்லை.

நிஜாமாபாத் 2019

டெபாசிட்டை உயர்த்தியதால் நல்கொண்டா மீண்டும் நடக்காது என்று நினைத்தார்கள். 2019ல் நடந்தது. தெலங்கானாவின் நிஜாமாபாத் மஞ்சள் விளையும் பூமி. மஞ்சளுக்கும் சிவப்புச் சோளத்துக்கும் கட்டுப்படியான விலை வேண்டும், மஞ்சள் வாரியம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டு அலுத்த விவசாயிகள் மக்களவைத் தேர்தலில் மனு தாக்கல் செய்தார்கள். முதல்வர் சந்திரசேகர ராவின் மகள் கவிதா அப்போது அங்கே எம்.பி. மொத்த வேட்பாளர்கள் 185. அவர்களில் 170க்கும் மேற்பட்டோர் விவசாயிகள். தலைக்கு 25,000 ரூபாய் என்றால் 170 பேருக்கு 42.5 லட்சம். திரும்ப வராது என்று தெரிந்தே கட்டிய பணம்.

இம்முறை புத்தகம் இல்லை. வாக்குப்பதிவு இயந்திரத்தின் ஒரு பெட்டியில் 16 பேருக்குத்தான் இடம். ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் 12 பெட்டிகளை இணைத்து வைத்தார்கள். கவிதா 70,875 வாக்குகளில் தோற்றார். பாஜகவின் தர்மபுரி அரவிந்த் வென்றார். 2023 அக்டோபரில் தேசிய மஞ்சள் வாரியம் அறிவிக்கப்பட்டது. 2025 ஜனவரியில் நிஜாமாபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு திறக்கப்பட்டது. வாரியம் வந்துவிட்டது. விவசாயிகள் கேட்ட ஆதரவு விலை அதோடு வரவில்லை.

கணக்குப் பார்த்தால்

2024 தேர்தலில் வென்ற சுயேச்சைகள் ஏழு பேர். அவர்களிலும் பெரும்பாலோர் முன்பே பெயரோ பின்புலமோ உள்ளவர்கள். கட்சியும் காசும் இல்லாத ஒருவர் மக்களவைக்குள் நுழைவது 1952ஐவிட இன்று கடினம். தொகுதிக்குப் பல லட்சம் வாக்காளர்கள். சுயேச்சைக்குச் சின்னம் கிடைப்பதே மனுக்களை வாபஸ் பெறும் நாள் முடிந்த பிறகுதான். அதன்பின் ஏறக்குறைய இரண்டு வாரத்தில் அந்தச் சின்னத்தை அத்தனை பேரிடமும் கொண்டு சேர்க்க வேண்டும்.

ஆனால் வெற்றியை மட்டும் வைத்து இவர்களை அளந்தால் நல்கொண்டாவைப் புரிந்துகொள்ள முடியாது. அங்கே நின்றவர்கள் பதவி கேட்கவில்லை. மனுவும் ஊர்வலமும் எடுபடாத இடத்தில், அரசு படித்தே ஆக வேண்டிய ஒரே காகிதம் வேட்புமனு என்று கண்டுகொண்டார்கள். பெறுபவர் அதைக் குப்பையில் போட முடியாது. பரிசீலிக்க வேண்டும், பதிவு செய்ய வேண்டும், அச்சிட வேண்டும்.

தெலங்கானா தனி மாநிலமான பின், 2016ல் தொடங்கி வைக்கப்பட்ட மிஷன் பகீரதா திட்டம் ஆற்று நீரைக் குழாய் வழியாகக் கிராமங்களுக்குக் கொண்டுவந்தது. அவர்கள் கேட்ட ஸ்ரீசைலம் கால்வாய்க்கான சுமார் 44 கிலோமீட்டர் சுரங்கம் இன்னும் முடியவில்லை. 2025 பிப்ரவரியில் அதன் ஒரு பகுதி இடிந்து எட்டுத் தொழிலாளர்கள் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். நல்ல தண்ணீர் வந்தாலும் வளைந்த எலும்பு நிமிராது. அடுத்த தலைமுறையின் எலும்பு வளையாமல் இருக்கும். 500 ரூபாய் டெபாசிட் இழந்தவர்கள் கேட்டதும் அதைத்தான்.