கோவளத்துக் கோட்டைக் கதவு

தாம்பரத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. பெயர் என்னவோ சென்னைவாசிகள். ஆனால் கடலைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் மெரினாவுக்கு ஒரு யாத்திரையே போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். வண்டலூர் வழியாகக் கேளம்பாக்கம் போய், உப்பளங்களைத் தாண்டிக் கிழக்கே சென்றால் கோவளம் வந்துவிடுகிறது என்பதைச் சென்ற மாதம்தான் கண்டுகொண்டேன்.

கோவளம் மிகவும் அழகான ஊர். ஒரு பக்கம் முட்டுக்காட்டுக் கழி கடலோடு கலக்கிறது. மாதா கோயிலும் தர்காவும் அக்கம்பக்கத்துக்காரர்களைப்போல் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. மணல் மீது வரிசையாகப் படகுகள். ஆனால் நான் தேடிப் போனது இவற்றை அல்ல, ஒரு கோட்டையை.

கோவளம் ஒரு காலத்தில் கப்பல்கள் வந்து நின்ற துறைமுகம். 1722-ஆம் ஆண்டில் ஆஸ்திரிய சக்கரவர்த்தியிடம் சாஸனம் பெற்று, இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆஸ்டெண்டு நகரிலிருந்து ஒரு கம்பெனி கிளம்பியது. சோழமண்டலக் கரையில் அந்தக் கம்பெனிக்காரர்கள் பொறுக்கி எடுத்த இடம் கோவளம்தான். வியாபாரம் நன்றாக நடந்ததே கம்பெனிக்கு வினையாயிற்று. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் கூச்சல் போட, 1731-இல் சக்கரவர்த்தி அந்தக் கம்பெனியையே கைகழுவிவிட்டார்.

பிறகு ஆர்க்காட்டு நவாப் அன்வருதீன் கான் அந்த இடிபாடுகளுக்கு அருகில் ஒரு கோட்டை கட்டினார். அதற்கு ஸாதத் பந்தர் என்று பெயர். பந்தர் என்றால் துறைமுகம்.

இனிமேல்தான் கதை. 1750-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பிரெஞ்சுக் கப்பல் கோவளத்துக்கு எதிரே நங்கூரம் பாய்ச்சி, ஆபத்து என்று அடையாளம் காட்டிற்று. கோட்டை ஆட்கள் போய் விசாரித்தார்கள். மாலுமிகளில் பெரும்பாலோர் நோயில் மாண்டுபோனார்கள் என்றும், மிச்சப் பேரும் கரையேறாவிட்டால் பிழைக்கமாட்டார்கள் என்றும் பதில் வந்தது. கோட்டை அதிகாரி இரங்கினார். நல்ல வெகுமதி கிடைக்கும் என்ற சபலமும் இருந்ததாகச் சொல்கிறார்கள். எலும்பும் தோலுமாகச் சுமார் 30 பேர் உள்ளே வந்தார்கள். அவர்கள் உடைக்குள் ஆயுதங்கள் இருந்தன. அன்றிரவே கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்கு மாறிவிட்டது.

1752-இல் கிளைவ் அதைப் பிடிக்க வந்தார். அவருக்கு அப்போது 26 வயது. கூட வந்த 200 வெள்ளைச் சிப்பாய்களும் 500 சுதேசிச் சிப்பாய்களும் புத்தம் புதியவர்கள். முதல் குண்டு விழுந்ததும் ஓட்டம் பிடித்தார்கள். ஒருவனை மறுநாள் ஒரு கிணற்றுக்குள்ளே கண்டுபிடித்தார்களாம்! இருந்தும் கோட்டை பணிந்தது. ஆங்கிலேயர் அதை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். கழியும் கடலும் கூடும் கோவளம் சிறிய ஊராகவே நின்றுவிட்டது. ஒதுங்க ஒரு வளைவுகூட இல்லாத சென்னைக் கடற்கரையில் பட்டணம் வளர்ந்தது, 1875-இல் அங்கே துறைமுகம் கட்டத் தொடங்கினார்கள், 1881-இல் புயல் அடித்து அதை நொறுக்கிற்று, மறுபடியும் கட்டினார்கள்.

படகு நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் கோட்டை எங்கே என்று கேட்டேன்.

"அங்கே இப்ப ஓட்டல் இருக்குதுங்க" என்று கையைக் காட்டினார்.

அவரிடம் கப்பல் கதையைச் சொன்னேன். அந்தக் கோட்டை அதிகாரியை ஒரு நாவலில் ஹாஸ்யப் பாத்திரமாகப் போடலாம் என்ற யோசனை எனக்கு இருந்தது. ஆகவே, "எப்பேர்ப்பட்ட அசடு, பார்த்தீர்களா?" என்று கூறிச் சிரித்தேன்.

பெரியவர் சிரிக்கவில்லை. வலையிலிருந்து கையை எடுத்தார்.

"கடல்லே தவிக்கிறவனை எந்த ஊருன்னு விசாரிச்சிட்டாங்க தூக்குவோம்? கதவைத் தொறந்தது தப்பில்லீங்க. உள்ளே வந்து அவன் செஞ்சதுதான் தப்பு."

"கோட்டை போய்விட்டதே!" என்றேன்.

"கோட்டை போனாப் போவுதுங்க. தொறக்கமாட்டாங்கன்னு ஊருக்குப் பேர் வந்துட்டா, நாளைக்கு எங்க பசங்க படகு கவுந்தா எவன் தொறப்பான்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. தாம்பரத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் என் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, 'ஹாஸ்யப் பாத்திரம்' என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டேன்.