ஒவ்வொரு நட்டாகத் தளர்த்தி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சுமார் 30 கிலோமீட்டர். அடிவாரம் தாண்டினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். கடல்மட்டத்திலிருந்து 278 மீட்டரில் கிளம்பும் வண்டி 1,500 மீட்டருக்கு மேல் ஏறி நிற்கிறது. சமவெளியில் சமாளித்துக்கொண்டு ஓடும் லாரியால் இந்தப் பாதையில் தன் குறையை மறைக்க முடியாது. ஆறு சிலிண்டரில் ஒன்று சரியாக எரியவில்லை என்றால், தரைச் சாலையில் அது லேசான உதறல்தான். மேட்டில் ஏறும்போது டிரைவர் கியரைக் குறைத்துக்கொண்டே வர வேண்டியிருக்கும், புகை பின்னால் வரும் வண்டியை மறைக்கும். சேலம் பட்டறைகளில் ‘வண்டி மிஸ் அடிக்குது’ என்று டிரைவர் வந்து நின்றால், ‘மேட்டுல எப்படி இழுக்குது?’ என்ற கேள்விதான் முதலில் வரும்.

ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் மோட்டாருக்கு முன்பே சரக்குப் போக்குவரத்து இருந்தது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காப்பிச் செடியை இங்கே கொண்டுவந்தார். எஸ்டேட்டுகள் பெருகப் பெருக, காப்பி மூட்டைகள் பொதிமாடுகளிலும் மனிதர் தலைகளிலும் ஏறி மலையிறங்கின. பின்னாளில் மலைச்சாலையும் மோட்டாரும் வந்தன. அரிசி, சிமென்ட் மேலே போயின. காப்பி, மிளகு, சில்வர் ஓக் மரம் கீழே வந்தன.

அந்தக் காலத்து லாரிகள் பெட்ரோலில் ஓடின. போர்டு, செவர்லே, பார்கோ, பெட்போர்டு, இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் என்று கலவையாக ஓடிக்கொண்டிருந்தன. போர்க்காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாடு வந்தபோது மரக்கரியை எரித்து அந்த வாயுவில் வண்டி ஓட்டினார்கள். மதுரை டி.வி.எஸ். நிறுவனம் அதற்கான கேஸ் பிளான்ட்டையே தயாரித்தது. பின்னால் உருளை கட்டிய ‘கரி பஸ்’ அந்தத் தலைமுறை பார்த்த காட்சி. கரி வாயுவில் எஞ்சினின் சக்தி வெகுவாகக் குறையும். மலைச்சாலைக்கு அது கொஞ்சமும் பொருந்தாத எரிபொருள்.

பெட்ரோல் எஞ்சின் மிஸ் அடித்தால் அன்றைய மேஸ்திரி மரக்கைப்பிடி போட்ட ஸ்குரூ டிரைவரை எடுப்பார். ஓடும் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கின் தலையையும் எஞ்சின் உடம்பையும் சேர்த்துத் தொடுவார். மின்சாரம் எஞ்சின் உடம்பு வழியாக இறங்கிவிடும், அந்த சிலிண்டரில் பொறி பறக்காது. எஞ்சின் சத்தம் இறங்கினால் அது உழைத்துக்கொண்டிருந்த சிலிண்டர். சத்தம் மாறவே இல்லை என்றால், கோளாறு அங்கேதான். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துக் குற்றவாளியைப் பிடிக்கும் இந்த முறைதான் பின்னால் வந்த டீசல் காலத்துக்கும் கைகொடுத்தது.

டீசல் காலம் தமிழ்நாட்டில் வேகம் பிடித்தது 1950-களில். சென்னை எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், இங்கிலாந்தின் லேலண்டோடு கைகோத்து 1951 வாக்கில் காமெட் லாரிகளைப் பூட்ட ஆரம்பித்தது. 1955-ல் அதன் பெயர் அசோக் லேலண்ட் ஆனது. 1954-ல் ஜாம்ஷெட்பூரிலிருந்து டாடா மெர்சிடிஸ் பென்ஸ் லாரி வெளிவந்தது. டாடாவுக்கும் பென்ஸுக்கும் இருந்த ஒப்பந்தம் 1969-ல் முடிந்த பிறகும் அதைப் ‘பென்ஸ் லாரி’ என்றே சொன்னவர்கள் உண்டு. டீசலைப் பீய்ச்சும் பம்பும் நாசிலும் பெங்களூர் மைக்கோவிலிருந்து வந்தன. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927-ல் பெருமளவில் தயாரிக்கத் தொடங்கிய பம்பின் வழிவந்தவை அவை.

சேலம் வட்டாரம் இந்த லாரிகளை அள்ளிக்கொண்டது. சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கத்து விவசாயக் குடும்பங்கள் பல, மழை பொய்த்த நிலத்தை விட்டு லாரித் தொழிலுக்கு வந்தன. நாமக்கல் பாடி கட்டுவதிலும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியிலும் பெயர் எடுத்தன. சேலம் செவ்வாய்ப்பேட்டை லீ பஜாரில் மூட்டை ஏறியது, மலையடிவாரத்தில் மேக்னசைட் வெட்டி எடுக்கப்பட்டது. மேட்டூரில் மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, அதாவது மால்கோ, 1965-ல் உற்பத்தியைத் தொடங்கியபோது ஏற்காட்டு பாக்சைட்டுக்குக் கிராக்கி வந்தது. செம்மண் நிறத் தாதுவை ஏற்றிய லாரிகள் பல்லாண்டு காலம் மலையிறங்கின. வெறும் வண்டியாக ஏறி, பாரத்தோடு இறங்குவது அவற்றின் அன்றாடம். இறங்கும்போது கியரிலேயே வைத்து எஞ்சினைப் பிரேக்காக்கி வர வேண்டும். ஏற்றமும் இறக்கமும் இரண்டுமே எஞ்சினை வேலை வாங்கின.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. ஸ்குரூ டிரைவரின் இடத்துக்கு 17-19 ஸ்பானர் வந்தது. பம்பிலிருந்து ஒவ்வொரு நாசிலுக்கும் மெல்லிய இரும்புக் குழாய் போகும். எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, முதல் குழாயின் நட்டை மெக்கானிக் அரைத் திருகு தளர்த்துவார். டீசல் நாசிலுக்குப் போகாமல் நட்டோரமாகக் கசிந்து தெறிக்கும். ஐந்து சிலிண்டரில் ஓடும் எஞ்சின் உடனே உதறும், சத்தம் ஒரு படி இறங்கும். நட்டை இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போவார். எந்த நட்டைத் தளர்த்தியும் எஞ்சின் கண்டுகொள்ளவில்லையோ, அந்த சிலிண்டர்தான் சும்மா இருக்கிறது.

அங்கே வேலை முடிவதில்லை. சிலிண்டர் ஏன் எரியவில்லை என்பது அடுத்த கேள்வி. நல்ல சிலிண்டரின் நாசிலைக் கழற்றி இதில் போட்டு, இதில் இருந்ததை அங்கே மாற்றிப் பார்ப்பார்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் நாசில் பழுது. மாறாமல் அதே சிலிண்டரில் நின்றால் வால்வு, டேப்பட் இடைவெளி, ஹெட் கேஸ்கெட், ரிங் என்று உள்ளே போக வேண்டும், அல்லது பம்பைச் சந்தேகிக்க வேண்டும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை வைத்தால் காற்று குப்குப்பென்று அடிக்கும். ‘பேக் கம்ப்ரஷன்’ என்பார்கள். ரிங்கும் லைனரும் தேய்ந்ததற்கு அது சாட்சி. 1-5-3-6-2-4 என்ற எரியும் வரிசை அவர்களுக்கு மனப்பாடம்.

புகையையும் படித்தார்கள். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளை என்றால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்குகிறது. கறுப்பு என்றால் டீசல் அதிகம், அல்லது காற்று போதவில்லை. இங்கேதான் ஏற்காடு ஒரு சிக்கலை வைத்தது. சேலத்தைவிட மலையுச்சியில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத பழைய எஞ்சினுக்கு அங்கே காற்று பற்றாது. ஆனால் சமவெளிக்கு அளவு வைத்த பம்ப் அதே டீசலைத்தான் அனுப்பும். நல்ல எஞ்சினும் மலையில் கரும்புகை விடும். ஆகவே மேலே மட்டும் புகைந்து கீழே தெளிந்துவிடும் வண்டியைப் பிரித்துப் போடக் கூடாது. இந்த வித்தியாசம் தெரியாதவர் நல்ல நாசிலைக் கழற்றி உடைமைக்காரருக்குச் செலவு வைப்பார்.

மலை கொடுத்த இன்னொரு தொல்லை, டீசல் குழாயில் புகும் ‘ஏர்’. டேங்கில் டீசல் குறைவாக இருக்கும்போது வளைவிலும் சரிவிலும் அது ஒரு பக்கம் ஒதுங்கும். உறிஞ்சும் குழாயின் வாய் வெளியே தெரிந்து காற்றை இழுக்கும். எஞ்சின் ஏறி இறங்கித் தள்ளாடி நின்றுவிடும். சரிசெய்ய பில்டரின் மேல் திருகைத் தளர்த்தி, பீடு பம்பின் கைப்பிடியை விடாமல் அடிக்க வேண்டும். முதலில் நுரை நுரையாக வரும். குமிழி அடங்கித் தெளிந்த டீசல் வழிந்ததும் திருகை மூடினால் வண்டி கிளம்பும். கிளீனர் பையன்கள் முதலில் கற்ற வைத்தியம் இதுவே.

பம்ப் மட்டும் தனி உலகம். அதைப் பட்டறையில் பிரிப்பதில்லை, பம்ப் கடைக்குத்தான் போகும். அங்கே டெஸ்ட் பெஞ்சில் பம்பைப் பூட்டிச் சுழற்றினால், ஆறு கண்ணாடிக் குழாய்களில் டீசல் நிறையும். ஆறும் ஒரே மட்டத்தில் நின்றால்தான் பம்ப் சரி. நாசிலைக் கையால் அழுத்தும் டெஸ்டரில் பார்ப்பார்கள். பனிப்புகையாகப் பீய்ச்சினால் நல்லது, தாரையாக வந்தாலோ நுனியில் சொட்டு நின்றாலோ ஆகாது. டீசலில் மண்ணெண்ணெய் கலந்து விற்ற ஆண்டுகளில் பம்ப் கடைகளுக்கு வேலை ஓயவில்லை. டீசலின் வழுவழுப்பு மண்ணெண்ணெய்க்கு இல்லாததால் பம்பின் பிளஞ்சர்கள் சீக்கிரம் தேய்ந்தன.

மாற்றம் படிப்படியாக வந்தது. மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுக, டர்போ பரவியது, மலைக் கரும்புகை குறைந்தது. 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 4, 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 நடைமுறைக்கு வந்தன. புதிய லாரிகளில் பழைய வரிசைப் பம்புக்கு இடமில்லை. அதற்குப் பதிலாக வந்த காமன் ரெயில் முறையின் குழாய்களில் டீசல் 1,600 பாருக்கும் மேலான அழுத்தத்தில் நிற்கிறது. எஞ்சின் ஓடும்போது அந்த நட்டைத் தளர்த்தினால் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். கையையோ உயிரையோ இழக்க நேரிடும் அளவுக்கு ஆபத்து. ஐம்பது ஆண்டுகள் சரியாக இருந்த பழக்கத்தை மெக்கானிக்குகள் கைவிட வேண்டியதாயிற்று.

இப்போது ஸ்கேனரைச் செருகுகிறார்கள். அதன் திரையில் ‘சிலிண்டர் கட் அவுட்’ என்ற சோதனை இருக்கிறது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு இன்ஜெக்டராக நிறுத்தி, எஞ்சின் வேகம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கிறது. ஸ்குரூ டிரைவரும் ஸ்பானரும் செய்ததைத்தான் அதுவும் செய்கிறது. கொண்டலாம்பட்டி, சீலநாயக்கன்பட்டிப் பக்கத்துப் பட்டறைகளில் பழைய வண்டிகளும் புதியவையும் அடுத்தடுத்து நிற்கும் காலம் இது. ஸ்பானர் பிடித்த தலைமுறைக்கு வயதாகிவிட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலக் கையேட்டைப் படித்து வந்தவர்கள் அல்லர், காதாலும் கையாலும் கற்றவர்கள். மலைக்கு ஏற்ற பம்ப் அளவு, புகையின் நிறம், நட்டுத் தளர்த்தும்போது மாறும் சத்தம் ஆகியவை அவர்களின் நினைவிலேயே இருக்கின்றன. சேலத்து ஐ.டி.ஐ.க்களும் லாரி உரிமையாளர் சங்கங்களும் அவர்களை உட்கார வைத்து, எஞ்சினை ஓடவிட்டு, சத்தத்தோடு பதிவு செய்ய வேண்டும். பழைய எஞ்சின்கள் உடைப்புக்குப் போவதற்குள் அந்த வேலை தொடங்க வேண்டும்.