மெழுகுவர்த்தியும் ஆடும் மேசையும்

லண்டன் மாநகரின் ஆல்பெமார்ல் தெருவில் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்னும் அறிவியல் நிறுவனம் இருக்கிறது. 1799இல் தோன்றியது. அங்கே ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் விடுமுறைக் காலத்தில் இளையோர்க்கென அறிவியல் சொற்பொழிவுகள் நிகழும். 1825இல் தொடங்கிய இவ்வழக்கம் இரண்டாம் உலகப்போரின்போது, 1939 முதல் 1942 வரை மட்டுமே தடைப்பட்டது. இந்நெடிய வரிசையில் அண்மைக்காலத்துத் தொடர்கள் இரண்டு நம் கவனத்துக்குரியவை. 2016இல் எதிர்கால எரிசக்தி பேசப்பட்டது. 2023இல் செயற்கை நுண்ணறிவு. முன்னதை மேசைமேல் வைத்துக் காட்டலாம். பின்னது அவ்வளவு எளிதில் கண்ணுக்கு அகப்படுவதில்லை. அகப்படாத ஒன்றைப் பிள்ளைகளுக்கு எவ்வாறு விளக்குவது? அதற்கான குறிப்பு அந்நிறுவனத்தின் பழைய வரலாற்றிலேயே கிடைக்கிறது என்பது நம் எண்ணம்.

அவ்வரலாற்றின் நடுநாயகம் மைக்கேல் ஃபாரடே. கொல்லர் ஒருவரின் மகன். 14ஆம் வயதில் புத்தகம் கட்டும் தொழில் பழகச் சென்றவர். கட்ட வந்த நூல்களைப் படித்தே அறிவியல் பயின்றார். 1812இல் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டுக் குறிப்பெடுத்து, அதனைத் தம் கையாலேயே நூலாகக் கட்டி டேவிக்கு அனுப்பிவைத்தார். மறு ஆண்டே அந்நிறுவனத்தில் உதவியாளரானார். பின்னாளில் 19 கிறிஸ்துமஸ் தொடர்களை அவரே நிகழ்த்தினார். அவற்றுள் புகழ்பெற்றது மெழுகுவர்த்தியைப் பற்றியது. 1860ஆம் ஆண்டு இறுதியில் அவர் நிகழ்த்திய ஆறு சொற்பொழிவுகளும், வில்லியம் குரூக்ஸ் பதிப்பிக்க, 1861இல் நூலாயின.

எல்லார் வீட்டிலும் எரிந்த பொருள் அது. உருகிய மெழுகு திரிவழியே மேலேறுவது எங்ஙனம்? எரிவது மெழுகா, அதன் ஆவியா? சுடருக்கு ஒளி தருவது எது? ஒவ்வொரு வினாவுக்கும் ஒரு சோதனை. சுடரின் நடுவே குழாயை நுழைத்து ஆவியை வெளியே கொணர்ந்து, அதன் மறுமுனையில் தீயேற்றிக் காட்டுவார். குளிர்ந்த பரப்பைச் சுடரின்மேல் பிடித்து, நெருப்பிலிருந்து நீர் பிறப்பதைக் காட்டுவார். இறுதியில், மெழுகுவர்த்தி எரிவதும் நாம் மூச்சுவிடுவதும் ஒரே இனத்து வினை என்று கொண்டுபோய் நிறுத்துவார். சொல்லி நம்பவைப்பதன்று, காட்டித் தெளியவைப்பதே அவர் நெறி.

2016இல் பேசிய சைஃபுல் இஸ்லாம் மின்கலப் பொருள்களை ஆராயும் வேதியியலர். ஃபாரடேயின் நெறி அவருக்கு இயல்பாகப் பொருந்திவந்தது. 1,013 எலுமிச்சம்பழங்களை இணைத்து 1,275.4 வோல்ட் மின்னழுத்தம் பெற்ற நிகழ்ச்சி கின்னஸ் சாதனையாகப் பதிவாயிற்று. இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆற்றல் பழத்திலிருந்து வருவதில்லை. பழத்தில் செருகிய உலோகம் கரைவதால் வருகிறது. சாறு இடைநின்ற ஊடகம் மட்டுமே. வோல்ட் மிகுதியாயினும் மின்னோட்டம் மிகச் சொற்பம். இவ்வளவையும் ஒரு சிறுவன் தன் வீட்டு அடுக்களையிலேயே சோதித்து அறியலாம். அங்கிருந்து கைப்பேசியின் லித்தியம் மின்கலத்துக்குச் செல்ல நெடுந்தொலைவில்லை.

ஏழாண்டுகள் கழித்து ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் மைக்கேல் வூல்ட்ரிட்ஜ் செயற்கை நுண்ணறிவைப் பேச வந்தபோது நிலைமை வேறு. உரையாடும் பொறியைத் திறந்து பார்த்தால் உள்ளே எண்களே உள. 2020இல் வெளிவந்த ஜிபிடி-3 என்னும் மொழி மாதிரியில் ஏறத்தாழ 17,500 கோடி எண்கள். அவற்றுள் எந்த எண் எந்தச் சொல்லுக்குக் காரணம் என்று சுட்டிக்காட்ட இயலாது. வெளியே தெரிவதோ, மனிதர் பேசுவது போன்ற பேச்சு. காரணம் மறைந்து, விளைவு மட்டும் பளிச்சென்று தெரியும் இடத்தில்தான் மனம் அங்கே ஓர் ஆளைக் குடியேற்றிவிடுகிறது.

ஃபாரடே இதையும் சந்தித்திருக்கிறார். 1853இல் இங்கிலாந்தில் ஒரு மோகம் பரவியது. சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து கைகளை அதன்மேல் வைத்தால் மேசை தானே நகரும். ஆவிகளின் வேலை என்றனர் சிலர். மின்சாரம் என்றனர் வேறு சிலர். ஃபாரடே எவரையும் ஏமாற்றுக்காரர் என்று ஏசவில்லை. கைக்கும் மேசைக்கும் இடையே, இளகிய பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய அட்டைகளை வைத்தார். மேசை கையை இழுத்திருந்தால் அடியட்டை முந்தியிருக்கும். முந்தியது மேலட்டை! கைதான் மேசையைத் தள்ளியது. தள்ளியவர்க்கு அது தெரியவில்லை. பின்னர், சிறு அசைவையும் பெரிதாக்கிக் காட்டும் துரும்பு முள் ஒன்றைப் பொருத்தினார். முள்ளைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவரையில் மேசை நகரவேயில்லை. விளக்கத்தை 'தி டைம்ஸ்' இதழுக்கு எழுதினார். படித்தவர்களே இப்படி நம்பியது அவரை வருத்தியிருக்க வேண்டும். 1854இல் மனப்பயிற்சியைப் பற்றித் தனிச் சொற்பொழிவே ஆற்றினார்.

மேசையின் இடத்தில் கணினியை வைத்தால் 1966 வந்துவிடும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசஃப் வைசன்பாம் எலைசா என்னும் நிரலை வெளியிட்டார். நாம் தட்டச்சிடும் வாக்கியத்தையே சற்று மாற்றி வினாவாகத் திருப்பிக் கேட்பதே அதன் வேலை. அது உருவானதை மாதக்கணக்கில் உடனிருந்து கண்ட அவருடைய செயலரே, அதனோடு தனியாக உரையாட வேண்டும் என்று அவரை அறையைவிட்டு வெளியேறச் சொன்னாராம். வைசன்பாம் இதனைத் தம் 1976ஆம் ஆண்டு நூலில் எழுதியிருக்கிறார்.

இன்றைய மொழி மாதிரி எலைசாவைப் போல் எளியதன்று. எலைசாவை மறுத்தது போல் இதனை ஒரு வரியில் தள்ளிவிடுவதும் நேர்மையன்று. எனினும் துரும்பு முள் போன்ற ஒன்றை நம் வகுப்பறையிலேயே பொருத்தலாம். 'மழை விடாமல் பெய்தது, ஆற்றில்' என்று கரும்பலகையில் எழுதி அடுத்த சொல்லை மாணவரிடம் கேட்போம். 'வெள்ளம்' என்பர் பலர். 'தண்ணீர்' என்பர் சிலர். பெரும்பான்மைச் சொல்லை எழுதி, மீண்டும் அடுத்த சொல்லைக் கேட்போம். பத்துச் சொற்களில், வகுப்பில் எவருமே முன்கூட்டி எண்ணாத வாக்கியம் பிறக்கும். மொழி மாதிரியின் அடிப்படை வினை இதுவே. வேறுபாடு, அடுத்த சொல்லின் வாய்ப்பை அது பெருந்திரளான எழுத்தைப் பயின்று கணக்கிடுகிறது என்பதுதான். இவ்வளவு எளிய விதியிலிருந்து கணக்குப் போடுவதும் நிரல் எழுதுவதும் எங்ஙனம் கைகூடின என்பது இன்னும் ஆராயப்படும் வினா. அதை மூடி மறைக்காமல் மாணவரிடம் சொல்லிவிடுவதே முறை.

காட்டக்கூடிய இன்னொன்று, மின்கட்டணம். பேசும் பொறிக்கு ஆவியில்லை, அனல் உண்டு. பன்னாட்டு எரிசக்தி முகமையின் 2025ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி உலகத் தரவு மையங்கள் 2024இல் நுகர்ந்தது ஏறத்தாழ 41,500 கோடி யூனிட். உலக மின்நுகர்வில் இது ஒன்றரை விழுக்காடு. 2030இல் 94,500 கோடி யூனிட்டை எட்டலாம் என்கிறது அதே மதிப்பீடு. இப்பசியை ஆற்றவே 2019இல் மூடப்பட்ட த்ரீ மைல் ஐலண்ட் முதல் அணு உலையை மீண்டும் இயக்கி, அதன் மின்சாரத்தை மைக்ரோசாஃப்ட் வாங்குவதென 2024இல் ஒப்பந்தமாயிற்று. ஆக, 2016இன் பொருளும் 2023இன் பொருளும் இன்று ஒரே பாடமாகிவிட்டன.

அணு உலையாயினும் அனல் நிலையமாயினும், அணையாயினும் காற்றாலையாயினும், இறுதியில் நிகழ்வது காந்தப்புலமும் கம்பிச்சுருளும் ஒன்றையொன்று கடந்து சுழல்வதே; சூரியத் தகடு மட்டும் விலக்கு. அவ்விதியைக் கண்டறிய 1831 ஆகஸ்டில் ஃபாரடே தம் கையாலேயே கம்பி சுற்றிய இரும்பு வளையம், ஆல்பெமார்ல் தெருவின் அதே கட்டடத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது. இருபக்கமும் சுற்றிய கம்பியின்மேல் பழந்துணி பொதிந்த சிறு பொருள் அது.