மக்களின் நாற்காலி

அலங்காரத்தைக் கைவிடுவது எளிது என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. செதுக்கு வேலைகளை நீக்கிவிட்டால் எஞ்சுவது எளிமை என்று கருதிக்கொள்கிறோம். சாப்பாட்டு மேசைக்கான ஒரு மர நாற்காலியின் வரலாறு இதை மறுக்கிறது. எதை நீக்குவது என்ற கேள்விக்கும் முன்னதாக, யாருக்காக நீக்குவது என்ற கேள்வி அங்கே நிற்கிறது.

கதை தொடங்குவது ஒரு மதக்குழுவிடம். 1774-இல் ஆன் லீ என்ற பெண்மணியின் தலைமையில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா சென்றவர்கள் ஷேக்கர்கள். திருமணத்தையும் தனிச்சொத்தையும் துறந்த அவர்களுக்குத் தேவையற்ற அலங்காரம் என்பது ஆணவத்தின் வேறு பெயர். ஏணியை ஒத்த முதுகுச் சட்டங்களும் நாடாவால் பின்னிய இருக்கையும் கொண்ட அவர்களது நாற்காலிகள் கனமற்றவை. தரையைப் பெருக்கும்போது அவற்றைச் சுவரிலுள்ள மர முளைகளில் மாட்டிவைப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் லெபனான் குடியிருப்பினர் இவற்றை அளவு வாரியாக எண்ணிட்டு வெளியாருக்கும் விற்றனர்.

அப்படியொரு ஷேக்கர் ஆடுநாற்காலி 1920-களில் கோபன்ஹேகனில் கோரெ கிளின்ட்டின் கண்ணில் பட்டது. டென்மார்க் நுண்கலைக் கழகத்தில் அறைகலன் வடிவமைப்பைக் கற்பித்தவர் அவர். பழைய நாற்காலிகளை அங்குலம் அங்குலமாக அளந்து வரையச்செய்வதே அவரது பாடமுறை. புதுமையைத் தேடி ஓடுவதைவிட, காலத்தின் சோதனையில் தேறிய ஒன்றைத் திருத்துவது மேல் என்பது அவர் கொள்கை. ஷேக்கர் நாற்காலியும் அவ்வாறே அளந்து வரையப்பட்டது.

கிளின்ட்டின் மாணவர் பொர்கே மொகென்சன் (1914–1972) தச்சுத்தொழிலில் பயிற்சி பெற்றவர். 1942-இல், நாடு ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்கீழ் இருந்த நாட்களில், எஃப்.டி.பி. என்னும் நுகர்வோர் கூட்டுறவு அமைப்பின் அறைகலன் வடிவமைப்புப் பிரிவுக்கு அவர் தலைவரானார். சாதாரணக் குடும்பங்கள் வாங்கக்கூடிய விலையில் தரமான அறைகலன் என்பதே அவருக்கு இடப்பட்ட பணி. அதன் விளைவுகளுள் ஒன்றுதான் 1947-இல் உருவான ‘ஜே39’. டென்மார்க் மக்கள் அதற்கு இட்ட பெயர் ‘மக்களின் நாற்காலி’.

அதை உற்றுநோக்கினால் ஒவ்வொரு முடிவிலும் விலையும் உடலும் பேசிக்கொள்வது தெரியும். கால்கள் உருளை வடிவில் கடைந்தெடுத்தவை. கடைசல் வேலை இயந்திரத்துக்கு எளிது. வட்டக் கழுந்தை வட்டத் துளையில் இறக்கினால் இணைப்பு முடிந்தது. ஷேக்கர் நாற்காலியின் பல முதுகுச் சட்டங்களுக்குப் பதிலாக, வளைந்த அகலமான ஒரே பலகை முதுகைத் தாங்குகிறது. கைப்பிடி இல்லாததால் நாற்காலியை மேசைக்கடியில் தள்ளிவிடலாம். சிறிய வீட்டுக்கு அது பெரிய உதவி. இருக்கையோ முறுக்கிய காகிதக் கயிற்றால் பின்னியது. விலைகூடிய மெத்தையும் தோலும் இல்லை. ஆயினும் பின்னல் உடலுக்கேற்பச் சற்றே இசைந்து கொடுக்கும். நைந்தால் மீண்டும் பின்னிக்கொள்ளலாம். நீக்கப்பட்டவை எல்லாம் அமர்பவருக்குப் பயன்படாதவை. அவருக்குப் பயன்படும் ஒன்றும் நீக்கப்படவில்லை.

இதன் பிற்கால வரலாறு சற்றே கசப்பானது. அந்த நாற்காலி இன்றும் தயாராகிறது. ஆனால் அதன் இன்றைய விலை அன்று மொகென்சன் மனத்தில் கொண்ட குடும்பங்களுக்கு எட்டக்கூடியதல்ல. ஷேக்கர்களின் பழைய நாற்காலிகளும் ஏலக்கூடங்களில் சேகரிப்பாளர்களின் பொருளாகிவிட்டன. ஆணவத்துக்கு எதிராகச் செய்யப்பட்டதும் வறுமையை மதித்துச் செய்யப்பட்டதும் ஒருசேர ரசனையின் அடையாளமாக மாறியிருக்கின்றன.

வடிவம் அப்படியே இருக்கிறது. அது யாருக்காக என்பது மட்டும் மாறிவிட்டது. இன்று எளிய நாற்காலி ஒன்றை வரைய அமர்பவர், அந்தக் கோடுகளை நகலெடுப்பதைக் காட்டிலும் மொகென்சனுக்கு இடப்பட்ட பணியைத் தமக்கும் இட்டுக்கொள்வதே நேர்மையான தொடக்கமாக இருக்கும்.