ஹெரெஸ் நகரின் மதுச்சாலை வீதிகள்

தென் ஸ்பெயினின் ஹெரெஸ் நகரில் ‘தபாங்கோ’ எனப்படும் பழைய மதுச்சாலைகளைக் கால்நடையாகச் சுற்றிவருவோர், பீப்பாயிலிருந்து வார்த்த ஷெரி மதுவுடன் ‘தாப்பா’ எனும் சிறுதீனியையும் சுவைப்பர். தாப்பா என்றால் மூடி. கிண்ணத்தின்மேல் வைத்த துண்டே இப்பெயர் பெற்றதென்பர். அதனை அரசர்களோடு இணைக்கும் கதைகள் சுவையானவையெனினும் வரலாறாகா. ஷெரி என்பதோ நகரின் அரபுப் பெயரான ‘ஷெரிஷ்’ என்பதன் திரிபு. 1264 இல் பத்தாம் அல்பொன்சோ நகரைக் கைப்பற்றிய பின்னரும் அச்சொல் அழியவில்லை.

ஆயின் இவ்வீதிகளுக்குரிய பெருங்கதை 1892 ஜனவரி 8 ஆம் நாளிரவினதே. அன்று, சிறையிலிருந்த தோழரை விடுவிக்கும் நோக்குடன் கூலி விவசாயிகள் பல நூற்றுவர் நகருட் புகுந்தனர். திராட்சைத் தோட்டங்களில் உழைத்தோரும் அவர்களுள் இருந்தனர். வழிப்போக்கர் இருவர் மாண்டனர். விடியுமுன் கூட்டம் சிதறடிக்கப்பட்டது. பெப்ரவரி 10 இல் நால்வர் இரும்பு வளையத்தாற் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்டனர்.