குடத்துத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும்

சித்திரை பிறந்து அக்னி நட்சத்திரம் நெருங்கும்போது எங்கள் தெருவுக்கு ஒரு ஆட்டோ வரும். மேலே ஒலிபெருக்கி கட்டியிருக்கும். குடிநீர்க் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சாதீர்கள், குடிநீரைத் தோட்டத்துக்குப் பாய்ச்சாதீர்கள், மீறினால் இணைப்பு துண்டிக்கப்படும் என்று சொல்லிக்கொண்டே போகும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நாங்கள் நாலு கிழவர்களும் அதைக் கேட்போம். "செடிக்குத் தண்ணி விட்டா குத்தமாம், கலிகாலம்" என்று ஒருவராவது சொல்லாமல் இருக்கமாட்டார்.

கலிகாலம் இருக்கட்டும். இந்தத் தடை நேற்று முளைத்ததல்ல. நூறு வயதைத் தாண்டியது. அரசு அலுவலகத்தில் முப்பத்து நாலு வருஷம் கோப்பு தூக்கியவனுக்கு, சட்டப் புத்தகத்தில் முக்கியமான சங்கதி எப்போதும் 'விளக்கம்' என்ற சிறிய எழுத்துக்குள் பதுங்கியிருக்கும் என்று தெரியும். 1920ஆம் ஆண்டு மதராஸ் மாவட்ட நகராட்சிச் சட்டத்தில் வீட்டுக்குத் தண்ணீர் இணைப்பு தருவதைப் பற்றிய இடத்திலும் அப்படி ஒரு விளக்கம் உண்டு. 'வீட்டு உபயோகம்' என்றால் அதில் எதெல்லாம் சேராது என்று வரிசையாகச் சொல்லும். வியாபாரம் சேராது, தோட்டமும் பாசனமும் சேராது, கட்டட வேலை சேராது, நீரூற்று சேராது. காரைக்குடி நகராட்சியானது 1928ல். ஆக, நகராட்சி பிறப்பதற்கு எட்டு வருஷம் முன்பே நம் வீட்டு முருங்கைக்கும் கறிவேப்பிலைக்கும் குழாய்த் தண்ணீரில் பங்கில்லை என்று எழுதி வைத்துவிட்டார்கள். 2023ல் புதிய நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை அந்தப் பழைய சட்டம்தான் நம்மை ஆண்டது.

வெள்ளைக்காரன் இதைக் காரைக்குடி வெயிலைப் பார்த்து எழுதவில்லை. இங்கிலாந்தில் 1863ல் வந்த குடிநீர்க் கம்பெனிகளுக்கான சட்டத்தில் இதே வாசகம் கிட்டத்தட்ட இப்படியே இருக்கிறது. மாடு குதிரைக்கும், வாடகை வண்டி கழுவவும், வியாபாரத்துக்கும், தோட்டத்துக்கும், நீரூற்றுக்கும் தரும் தண்ணீர் வீட்டுத் தண்ணீர் ஆகாது என்று. அன்று அங்கே மீட்டர் கிடையாது. வீட்டின் மதிப்பை வைத்துத்தான் தண்ணீர்க் காசு. குடிக்கவும் குளிக்கவும் ஒரு மனிதன் எவ்வளவு செலவழிப்பான் என்று கணக்குப் போடலாம். தோட்டக்காரன் எவ்வளவு விடுவான் என்று யார் சொல்வது? அதனால் அதற்குத் தனிக் காசு. ஆக, முதலில் அது பஞ்சத்துக்காகப் போட்ட தடையல்ல, கல்லாப்பெட்டிக்காகப் போட்ட வரி. பஞ்சத் தடை பிறகு வந்தது. 1945ல் அவர்கள் போட்ட தண்ணீர்ச் சட்டம், வறட்சிக் காலத்தில் ஓஸ் பைப்பால் தோட்டத்துக்கு விடுவதையும் சொந்தக் கார் கழுவுவதையும் தடுக்கலாம் என்றது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தடை தண்ணீருக்கு அல்ல, ஓஸ் பைப்புக்கு. வாளியில் மொண்டு ஊற்றினால் கேள்வி இல்லை. பூவாளியில் தெளித்தால் கேள்வி இல்லை. வேடிக்கை என்னவென்றால், வெகுகாலம் அந்த ஊரில் வீட்டு நீச்சல் குளத்தை நிரப்புவதுகூட அந்தத் தடைக்குள் வரவில்லை. 2010ல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் அதையும் சேர்த்தார்கள். ரோஜாச் செடிக்குக் குழாய் பிடித்தவன் குற்றவாளி, குளத்தை நிரப்பியவன் கனவான். சட்டம் எழுதுகிறவர்கள் யார் வீட்டுக்காரர்கள் என்பதை இதிலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

1976ல் அங்கே கடும் வறட்சி. ஆகஸ்டில் அவசரமாக ஒரு வறட்சிச் சட்டம் போட்டு, டெனிஸ் ஹவல் என்பவரை அதற்கென்றே மந்திரியாக நியமித்தார்கள். குளித்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள் என்று ஜனங்களுக்கு உபதேசம் நடந்தது. நானும் என் மனைவியும் ஒரே தொட்டியில் குளித்துத் தண்ணீர் மிச்சம் பிடிக்கிறோம் என்று மந்திரியே பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். அவர் பதவியேற்ற சில நாளிலேயே மழை கொட்டியது. இங்கே ஒருவர் வந்து மழை பெய்திருந்தால் மாலை போட்டு ஊர்வலம் விட்டிருப்போம்.

குளித்த தண்ணீரைச் செடிக்கு ஊற்றச் சொல்லி ஒரு அரசாங்கம் உபதேசம் செய்ததைப் படித்தபோது எனக்கு மாமியார் வீட்டுக் கொல்லைதான் நினைவுக்கு வந்தது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்து வளர்ந்தவன், மனைவி ஊர் காரைக்குடி என்பது இங்கே தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். அது நகரத்தார் அரண்மனை அல்ல, சின்ன ஓட்டு வீடுதான். ஆனால் தண்ணீர் விஷயத்தில் பெரிய வீட்டுக்கும் சின்ன வீட்டுக்கும் முறை ஒன்றே. குடிக்கவும் சமைக்கவும் ஊருணித் தண்ணீர். மழை பெய்தால், முற்றத்துப் பக்கம் சரிந்த ஓட்டிலிருந்து பீலி வழியாக விழுவதை அண்டாவில் பிடித்துக்கொள்வார்கள். குளிக்க, துவைக்க, பாத்திரம் துலக்கக் கிணற்றுத் தண்ணீர். செடிக்கு? அந்தக் குளித்த, துலக்கிய தண்ணீர்தான். துவைகல்லில் இருந்து ஒரு வாய்க்கால் வாழைக்குப் போகும். அங்கணத்துத் தண்ணீர் தென்னைக்கு. அரிசி களைந்த தண்ணீரை மட்டும் அத்தை தனியே எடுத்து வைப்பார். அதில் பாதி மாட்டுக்கு, பாதி கறிவேப்பிலைக்கு. நல்ல தண்ணீரை நேராகச் செடிக்கு ஊற்றியதை நான் பார்த்ததில்லை. மல்லிகைக்கு மட்டும் விதிவிலக்கு. அது சாமிக்குப் போகும் பூ.

பெரிய வீடுகளில் இது கட்டடத்திலேயே இருந்தது. நம் பக்கத்து வீடுகளின் முற்றத்தைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் காற்றும் வெளிச்சமும் வர என்று சொல்லிப் போகிறார்கள். அது தண்ணீர் இறங்கும் வாசலும்கூட. அண்டா நிறைந்தது போக மிஞ்சியது கல் வாய்க்கால் வழியாகத் தெருவுக்கும், தெருவிலிருந்து வரத்துக்கால் வழியாக ஊருணிக்கும் போகும். பெரிய ஆறு ஏதும் பக்கத்தில் இல்லாத செம்மண் பூமி இது. வருஷத்துக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். அதைத் தேக்கி வைத்து மறு ஆவணி வரை ஓட்ட வேண்டும். அதனால்தான் ஊருணிக்கு அத்தனை கட்டுப்பாடு. கால் நனைக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது. அறிவுள்ளவனின் செல்வத்துக்கு வள்ளுவர் ஊருணியைத்தான் உவமை சொன்னார். நம் ஊர்ப்பக்கத்துச் செட்டியார்கள் வெட்டி வைத்த ஊருணிகளைப் பார்த்தால் உவமை வெறும் உவமையாக இல்லை.

பழையதைப் புகழும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. எல்லாச் சாதியாரும் ஒரே ஊருணியில் ஒரே படித்துறையில் இறங்கி அள்ள முடிந்த காலமல்ல அது. இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமந்து முதுகு வளைந்ததும் பெண்களுக்குத்தான். தெருக்குழாய் வந்ததும் அந்த இரண்டு பாரமும் கொஞ்சம் இறங்கியது. சம்பை ஊற்றுத் தண்ணீர் குழாயில் வந்ததை இந்த ஊர்ப் பெண்கள் எவ்வளவு கொண்டாடினார்கள் என்று என் மனைவி இன்றும் சொல்வாள். அதனால் குழாய் வந்ததே கேடு என்று நான் சொல்லமாட்டேன். கேடு வேறிடத்தில்.

ஒரே குழாயில் வந்ததால் எல்லாத் தண்ணீரும் ஒரே தண்ணீர் ஆகிவிட்டது. குடிக்கிறதும் அதுதான், கார் கழுவுகிறதும் அதுதான், புல்தரைக்குப் போவதும் அதுதான். கணக்குப் பாருங்கள். ஓஸ் பைப் ஒரு மணி நேரத்துக்கு 500 முதல் 1,000 லிட்டர் வரை கொட்டும். குடத்துக்கு 15 லிட்டர் என்றால் சுமார் 33 முதல் 66 குடம். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது அரசு வைத்திருக்கும் அளவு. ஒரு மணி நேரம் ஓஸைப் புல்லில் போட்டுவிட்டு சீரியல் பார்க்கப் போனால், ஒரு மனிதனின் ஒரு வாரத் தண்ணீர் போய்விடலாம்.

ஓஸ் பைப் என்றதும் பள்ளியில் சொல்லிக் கொடுத்த ஒரு சினிமா நினைவு வருகிறது. லூமியேர் சகோதரர்கள் 1895ல் எடுத்து, அந்த டிசம்பரில் பாரிஸில் காசு வாங்கிக் காட்டிய படங்களில் ஒன்று. ஒரு நிமிஷம்கூட ஓடாது. தோட்டக்காரன் ஓஸ் பிடித்து நிற்கிறான். பின்னால் ஒரு பையன் ஓஸை மிதிக்கிறான். தண்ணீர் நின்றுவிட்டதே என்று தோட்டக்காரன் குழாய் வாயை எட்டிப் பார்க்க, பையன் காலை எடுக்க, முகத்தில் பீச்சுகிறது. 'லாரோஸர் அரோஸே' என்று பெயர், நீர் விட்டவன் நனைந்தான் என்று அர்த்தம். உலகத்தின் முதல் சிரிப்புப் படம் என்பார்கள். அந்தப் பிரான்ஸில் இப்போது வறட்சி வந்தால் நான்கு படியாகக் கட்டுப்பாடு. மாவட்ட அதிகாரியின் உத்தரவு. அதில் எனக்குப் பிடித்தது, காய்கறித் தோட்டத்தையும் புல்தரையையும் வேறு வேறாகப் பார்ப்பது. புல்லுக்கு முழுத் தடை வந்த பிறகும், காய்கறிக்குப் பகலில்தான் தடை, இருட்டிய பிறகு விடலாம். நம் சட்டத்தில் 'தோட்டம்' என்று ஒரே சொல். கத்தரிக்காயும் கொரியன் புல்லும் அதற்கு ஒன்றே.

நம் சட்டத்தின் பெரிய ஓட்டை இன்னொன்று. அது குழாயைத்தான் பார்க்கிறது, போர்வெல்லைப் பார்ப்பதில்லை. தெருக்குழாயை நம்பியிருப்பவன் வீட்டுத் துளசி வாடும்போது, நானூறு அடி போர் போட்டவன் வீட்டு வாசலில் தண்ணீர் ஓடிச் சாக்கடையில் விழும். கேட்டால், என் நிலம், என் கரண்ட் பில் என்பார். அடியில் இருக்கும் தண்ணீர் காம்பவுண்டுச் சுவர் பார்த்தா நிற்கிறது? சென்னைக்கென்று 1987ல் நிலத்தடி நீர்ச் சட்டம் வந்தது. மாநிலம் முழுமைக்கும் 2003ல் ஒன்று இயற்றினார்கள், 2013ல் அதை ரத்து செய்துவிட்டார்கள். கோப்பிலே பிறந்து கோப்பிலேயே கண்மூடியது. அதே 2003ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது மட்டும் நின்றது. அதுவும் முற்றத்தைத் தகரம் போட்டு மூடிய பிறகு நமக்குத் திரும்பச் சொல்லிக் கொடுத்த பாடம்.

2019ல் சென்னையின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2024 மார்ச்சில் பெங்களூரில் தோட்டத்துக்கும் கார் கழுவவும் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்றார்கள். சில நாளிலேயே 22 வீடுகளுக்கு அபராதம் விதித்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வசூலித்ததாகச் செய்தி வந்தது. அங்கேயும் தடை குடிநீருக்குத்தான்.

எங்கள் தெரு முனை ஊருணியைச் சில வருஷம் முன்பு தெருக்காரர்களே காசு போட்டுத் தூர் வாரினார்கள். அந்த ஐப்பசியில் நிரம்பியது. பங்குனி வந்ததும் ஒருவர் ராத்திரியில் சின்ன மோட்டாரை இறக்கி, ஓஸ் போட்டுத் தன் வீட்டுத் தோட்டத்துக்கு விட ஆரம்பித்தார். நாலு நாளில் ஒரு படி கீழே இறங்கிவிட்டது. விஷயம் தெரிந்து கரையில் கூட்டம். "நானும்தானே காசு போட்டேன், எனக்கும் பாத்தியதை இருக்குல்ல?" என்றார். நியாயமான கேள்விதான். யாருக்கும் சட்டென்று பதில் வரவில்லை. எண்பது வயது ஆச்சி ஒருவர் படியில் உட்கார்ந்திருந்தார். அவர்தான் சொன்னார்: "தம்பி, குடத்துல எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்க. குழாயப் போடாத. குடம் தூக்குறவனுக்கு இடுப்பு வலிக்கும், போதும்னு நிறுத்திருவான். மோட்டாருக்கு வலிக்காதுல்ல."

மோட்டார் அன்றே கரையேறியது. போர்வெல் வைத்திருக்கும் இரண்டு வீட்டுக்காரர்கள் அந்தக் கூட்டத்தில் வாய் திறக்கவில்லை, அவர்களிடம் யாரும் எதுவும் கேட்கவும் இல்லை. மோட்டார் போட்டவர் அடுத்த சந்தையில் ஒரு தகரப் பூவாளி வாங்கி வந்தார். காலை ஆறு மணிக்கு மல்லிகைக்கும் மிளகாய்க்கும் நாலு நடை நடக்கிறார். வாழைக்கு மட்டும், வாஷிங் மெஷின் அலசி விடும் தண்ணீரை ஒரு பைப் போட்டுத் திருப்பியிருக்கிறார்.