கேள்வியை எழுதுவது யார்? அமெரிக்க நகரங்களின் பொதுப் போக்குவரத்து வரி வாக்கெடுப்புகள்

2012 நவம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாக அலகு) வாக்காளர்களில் 66.1 விழுக்காட்டினர் ‘மெஷர் ஜே’ என்ற முன்மொழிவை ஆதரித்தனர். போக்குவரத்துக்கென வசூலாகும் அரை சென்ட் விற்பனை வரியை மேலும் முப்பது ஆண்டுகளுக்கு நீட்டிக்கக் கோரிய முன்மொழிவு அது. அது தோற்றது. இத்தகைய வரிக்குக் கலிஃபோர்னியச் சட்டம் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கேட்டது. அரை விழுக்காட்டுக்குச் சற்று மேல் குறைந்துபோயிற்று. அதற்குச் சரியாக ஐம்பது ஆண்டுகளுக்கு முன், 1962 நவம்பரில், அதே மாநிலத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் ‘பார்ட்’ ரயிலுக்கான 79.2 கோடி டாலர் கடன்பத்திரம் 61.2 விழுக்காடு வாக்குகளுடன் வென்றது. அங்கே தேவைப்பட்டது 60. 1968-ல் சியாட்டில் அமைந்துள்ள கிங் கவுண்டியில் 50.8 விழுக்காட்டினர் ரயில் வேண்டும் என்றனர். அங்கும் 60 வேண்டியிருந்ததால் ரயில் வரவில்லை. 1990-ல் லாஸ் ஏஞ்சலஸின் ‘முன்மொழிவு சி’ வெறும் 50.4 விழுக்காட்டில் நிறைவேறியது. அந்த வரி இன்றும் வசூலாகிறது.

இந்த நான்கு முடிவுகளை அருகருகே வைத்துப் பார்ப்பவர், மக்கள் பொதுப் போக்குவரத்தை விரும்பினார்களா என்ற கேள்விக்கு அவற்றிலிருந்து விடை எடுக்க முடியாது. நான்கிலும் பெரும்பான்மை ‘ஆம்’ என்றே சொன்னது. ஆயினும் வாக்கெடுப்பு இலக்கியத்தின் பெரும்பகுதி வெற்றி தோல்விகளை வாக்காளர் மனநிலையைக் கொண்டே விளக்க முயல்கிறது: பெட்ரோல் விலை, பிரச்சாரச் செலவு, கட்சிச் சார்பு. இவை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. வாக்காளர் சாவடிக்குள் நுழையும் முன்பே முடிவின் பெரும்பகுதி எழுதப்பட்டுவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். எந்த எல்லைக்குள் வாக்கு எண்ணப்படும், எத்தனை விழுக்காடு போதும், வரிப்பணம் எந்தெந்தத் தலைப்பில் பிரியும் என்பதை முடிவு செய்பவர்களே, யாருக்குப் பேருந்து வரும் என்பதையும் பெரிதும் முடிவு செய்கிறார்கள்.

நம் நகரங்களில் மெட்ரோ ரயிலுக்கான கடனையோ வரியையோ பற்றி யாரும் வாக்காளரைக் கேட்பதில்லை. ஆகவே இந்த நடைமுறையின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் சாலைக்கும் போக்குவரத்துக்கும் நெடுங்காலம் ஆதாரமாக இருந்தது எரிபொருள் வரி. கூட்டாட்சி அரசின் பெட்ரோல் வரி 1993 முதல் கேலனுக்கு 18.4 சென்ட்டிலேயே நிற்கிறது. விலைவாசி அதன் மதிப்பைத் தின்றுவிட்டது. கலிஃபோர்னியாவில் 1978-ன் ‘முன்மொழிவு 13’ சொத்து வரிக்கு உச்சவரம்பு கட்டியதோடு, குறிப்பிட்ட நோக்கத்துக்கான உள்ளூர் வரிகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆதரவையும் கட்டாயமாக்கியது. இப்படி மேலிருந்து வந்த நிதி வற்ற, கவுண்டிகள் விற்பனை வரியைக் கையில் எடுத்தன. இதைப் போக்குவரத்து நிதியின் அமைதியான புரட்சி என்ற பொருள்படப் போக்குவரத்து ஆய்வாளர் மார்ட்டின் வாக்ஸ் 2003-ல் எழுதினார். சாலையைப் பயன்படுத்துவோர் செலுத்திவந்த தொகையின் இடத்தில், சட்டையோ சோப்போ வாங்கும் எல்லோரும் செலுத்தும் தொகை வந்து அமர்ந்தது.

முதலில் வாசல் உயரம், அதாவது எத்தனை விழுக்காடு போதும் என்பது. லாஸ் ஏஞ்சலஸின் ‘முன்மொழிவு ஏ’ 1980-ல் ஏறத்தாழ 54 விழுக்காடு பெற்றது. மூன்றில் இரண்டு பங்கு விதி அதற்குப் பொருந்துமா என்ற வழக்கில், பொருந்தாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1982-ல் தீர்ப்பளித்தது. சாண்டா கிளாரா கவுண்டி வரி தொடர்பாக 1995-ல் அதே நீதிமன்றம் வேறொரு தீர்ப்பு வழங்கியது. அதன் பின் இத்தகைய வரிகளுக்கும் மூன்றில் இரண்டு பங்கு கட்டாயமாகி வாசல் இறுகியது. லாஸ் ஏஞ்சலஸின் முதல் சுரங்க ரயில் இந்த இரு தீர்ப்புகளுக்கும் இடைப்பட்ட காலத்தின் பிள்ளை. 1980-லேயே பிந்தைய விதி நடப்பில் இருந்திருந்தால், அந்த நகரின் இன்றைய ரயில் வரைபடத்தில் பாதி கூட இருந்திருக்காது என்று துணிந்து சொல்லலாம். மூன்றில் இரண்டு பங்கு விதியின் கீழ் ஒரு ‘இல்லை’ இரண்டு ‘ஆம்’களுக்குச் சமம். தற்போதைய நிலையை அப்படியே வைத்திருக்க விரும்புபவருக்கு இரட்டை வாக்குரிமை தரும் ஏற்பாட்டை நிதிக் கட்டுப்பாடு என்று அழைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நெடுஞ்சாலைகளை மாநில அரசு தன் வரவு செலவுத் திட்டத்திலேயே விரிவாக்க முடிகிறபோது, பேருந்துக்கு மட்டும் இந்தத் தடை ஏன்?

எல்லை என்பது இன்னும் ஆழமான பிரச்சினை. அதைப் புரிந்துகொள்ள அட்லாண்டாவைவிட நல்ல இடம் இல்லை.

1968-ல் ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவில் ‘மார்ட்டா’ ரயில் திட்டம் வாக்கெடுப்பில் தோற்றது. கறுப்பின மக்களின் குடியிருப்புகளுக்குத் திட்டத்தில் போதிய இடமில்லை என்று அவர்களின் தலைவர்கள் எதிர்த்தது அத்தோல்வியின் முக்கியக் காரணங்களுள் ஒன்று. மூன்று ஆண்டுகள் பேச்சு நடந்தது. 1971 நவம்பரில் திட்டம் மீண்டும் வந்தபோது ஒரு சென்ட் விற்பனை வரியும், பேருந்துக் கட்டணத்தை 40 சென்ட்டிலிருந்து 15 சென்ட்டாகக் குறைத்து ஏழு ஆண்டுகள் அப்படியே வைத்திருக்கும் உறுதியும், பெரி ஹோம்ஸ் என்ற பொதுக் குடியிருப்புக்கு ஒரு கிளைப் பாதையும் அதில் சேர்ந்திருந்தன. நான்கு கவுண்டிகள் வாக்களித்தன. ஃபுல்டனும் டிகால்பும் ஏற்றன. ஃபுல்டனில் சில நூறு வாக்குகளே வித்தியாசம். கிளேட்டனும் குவின்னெட்டும் மறுத்தன. கோப் கவுண்டி 1965-லேயே விலகியிருந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது வாக்கு எண்ணப்பட்ட முறை. ஒவ்வொரு கவுண்டியும் தனித்தனியே எண்ணப்பட்டது. மறுத்த கவுண்டி வரியிலிருந்து தப்பியது, ரயிலும் அதன் எல்லையிலேயே நின்றது. 1962-ன் விரிகுடா வாக்கெடுப்பில் மூன்று கவுண்டிகளின் வாக்குகளும் ஒன்றாக எண்ணப்பட்டன. கான்ட்ரா கோஸ்டா கவுண்டி தனியே 60 விழுக்காட்டை எட்டவில்லை. சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆதரவு அதைக் கரையேற்றியது. இன்று கான்ட்ரா கோஸ்டாவில் ‘பார்ட்’ ஓடுகிறது. சான் மேட்டியோவும் மரினும் வாக்கெடுப்புக்கு முன்பே விலகிக்கொண்டன. அங்கு மக்களிடம் கேட்கவே இல்லை. சான் மேட்டியோவில் அக்கவுண்டியின் மேற்பார்வையாளர் குழுவே அதை முடிவு செய்தது. அந்தக் கவுண்டியின் மில்ப்ரே வரை ‘பார்ட்’ போய்ச் சேர 2003 ஆயிற்று. எண்ணும் அலகு மாறியதால் ஒரு பெருநகர வட்டாரத்தின் உருவமே மாறிவிட்டது.

அட்லாண்டாவின் புறநகர்கள் மறுத்ததற்கு இனப் பாகுபாடு முதன்மைக் காரணம் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. நகரத்துக் கறுப்பின மக்கள் ரயிலேறித் தங்கள் பகுதிக்கு வந்துவிடுவார்கள் என்ற அச்சம் வெளிப்படையாகவே பேசப்பட்டது. ஆனால் அச்சம் வெறும் அச்சமாக நின்றுபோகாமல் சட்டமாக உறைந்ததற்குக் காரணம் கவுண்டி எல்லைதான். 1970-ல் சுமார் 72,000 பேர் வாழ்ந்த குவின்னெட்டில் 2020-ல் ஒன்பதரை லட்சம் பேர் வாழ்ந்தனர். பெரும்பான்மையினர் வெள்ளையர் அல்லர். 1990, 2019, 2020, 2024 என மீண்டும் மீண்டும் கேட்கப்பட்டும் அங்கே முன்மொழிவு தோற்றது. 2019-ல் அதைப் பொதுத்தேர்தலோடு சேர்க்காமல் மார்ச் மாதத்தில் தனியே நடத்தினார்கள். 2020 நவம்பரில் ஏறத்தாழ ஆயிரம் வாக்குகளில் தோற்றது. இந்த இரண்டு தேதிகளையும் மாற்றி வைத்து யோசிக்கும் ஆய்வாளர், ‘மக்கள் மறுத்தார்கள்’ என்ற சொற்றொடரைக் கவனமாகத்தான் கையாள்வார்.

கிளேட்டனின் கதை எதிர்த்திசையில் போயிற்று. உலகின் மிக நெரிசலான விமான நிலையத்தின் பெரும்பகுதி அந்தக் கவுண்டியில்தான் இருக்கிறது. பணமில்லை என்று 2010 மார்ச்சில் அங்கு பேருந்துகள் முற்றிலும் நின்றன. காரில்லாத தொழிலாளர்கள் வேலைக்குப் போக வழியின்றித் தவித்தார்கள். 2014-ல் ஜார்ஜியா சட்டமன்றம் அனுமதி வழங்கிய பிறகு நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் ஒரு சென்ட் வரிக்கு இசைந்தார்கள். அடுத்த ஆண்டே பேருந்து திரும்பியது. 1971-ல் மறுத்த அதே எல்லைக்குள், வேறு மக்கள், வேறு தேவை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: 1971-ல் ஃபுல்டனின் கறுப்பின வாக்காளர்களுக்கு உறுதியளிக்கப்பட்ட பெரி ஹோம்ஸ் பாதை கட்டப்படவே இல்லை. 1992-ல் திறந்த பேங்க்ஹெட் நிலையத்தோடு அந்தக் கிளை முடிந்துபோயிற்று. சில நூறு வாக்குகளில் வென்ற ஒரு கவுண்டியில், அந்த வெற்றியைச் சாத்தியமாக்கியவர்களின் பங்கு மட்டும் விடுபட்டது. வாக்கெடுப்பு உரைக்குப் பின்னால் அதை நிறைவேற்றச் செய்யும் சட்டப் பிணைப்பு இல்லாவிட்டால், ஏழைகளுக்குத் தந்த உறுதிமொழியே முதலில் கைவிடப்படுகிறது. பிற உறுதிமொழிகளும் தப்புவதில்லை: டென்வரில் 2004-ல் 58 விழுக்காட்டினர் ஏற்ற ‘ஃபாஸ்ட்ராக்ஸ்’ திட்டத்தில் போல்டருக்கும் லாங்மான்டுக்கும் ரயில் உண்டு. அவ்வூர்கள் அன்றிலிருந்து வரி செலுத்துகின்றன. கட்டி முடிந்ததோ வெஸ்ட்மின்ஸ்டர் வரை சில மைல்கள் மட்டும்.

உறுதிமொழிகள் ஏன் இப்படிப் பெருகுகின்றன? வென்றாக வேண்டிய பரப்பு பெரிது என்பதே காரணம். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் 88 நகராட்சிகள். மூன்றில் இரண்டு பங்கு திரட்ட ஒவ்வொரு மூலைக்கும் ஏதாவது தர வேண்டும். 2008-ல் 67.9 விழுக்காட்டில் வென்ற ‘மெஷர் ஆர்’ வருவாயில் 35 விழுக்காடு புதிய ரயில், விரைவுப் பேருந்துப் பாதைகளுக்கு. 20 விழுக்காடு நெடுஞ்சாலைகளுக்கு. 15 விழுக்காடு நகராட்சிகளுக்கு நேரடியாக. பேருந்துகளை ஓட்டுவதற்கு 20 விழுக்காடு. நெடுஞ்சாலைக்கும் பேருந்து இயக்கத்துக்கும் ஒரே பங்கு! அந்நகரின் பொதுப் போக்குவரத்துப் பயணங்களில் பெரும்பாலானவை பேருந்தில்தான் நடக்கின்றன. அதில் ஏறுபவர்களில் பெரும்பாலோர் குறைந்த வருவாய்க் குடும்பத்தினர். வாக்களிக்கும் பெரும்பான்மையோ கார் ஓட்டுபவர்கள். மைக்கேல் மான்வில்லும் பெஞ்சமின் கமின்ஸும் 2015-ல் வெளியிட்ட ஆய்வு, பொதுப் போக்குவரத்துக்கு வாக்களிப்பவர்கள் அதைப் பயன்படுத்தும் எண்ணத்தால் உந்தப்படுவதில்லை, பொதுநன்மை குறித்த தங்கள் நம்பிக்கையால் உந்தப்படுகிறார்கள் என்று காட்டியது. நல்லெண்ணம் பாராட்டத்தக்கது. ஆனால் நல்லெண்ணம் படைத்தவர் கண்ணுக்குத் தெரிவது புதிய ரயில் பாதை. இரவுப் பணி முடித்தவருக்காகப் பதினோரு மணிக்கு வர வேண்டிய பேருந்து அவர் கண்ணில் படுவதில்லை.

இந்தப் பங்கீடு அரசியல் தேர்வு, இயற்கை விதி அன்று. 1980-ன் ‘முன்மொழிவு ஏ’ பணத்தில் ஒரு பகுதி 1982 முதல் 1985 வரை பேருந்துக் கட்டணத்தை 50 சென்ட்டாகக் குறைக்கச் செலவிடப்பட்டது. பயணிகள் பெருமளவு கூடினர். மூன்று ஆண்டுகள் கழிந்ததும் பணம் ரயில் கட்டுமானத்துக்கு நகர்ந்தது, கட்டணம் ஏறியது, பயணிகள் குறைந்தனர். பேருந்துப் பயணிகள் சங்கம் உள்ளிட்டோர் 1994-ல் தொடுத்த குடிமை உரிமை வழக்கு 1996-ல் நீதிமன்ற ஒப்பந்தத்தில் முடிந்து, போக்குவரத்து ஆணையத்தைப் பத்து ஆண்டுகள் பேருந்துச் சேவைக்குக் கட்டுப்படுத்தியது. வாக்குச்சீட்டு தராத பாதுகாப்பை நீதிமன்றத்தில் போய்ப் பெற வேண்டியிருந்தது.

இவ்வளவு குறைகளிருந்தால் வாக்கெடுப்பையே ஒழித்து, முடிவைச் சட்டமன்றங்களிடம் விட்டுவிடலாமே என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ‘மார்ட்டா’வின் இயக்கச் செலவுக்கு ஜார்ஜியா மாநிலம் பல பத்தாண்டுகள் கைகொடுக்கவில்லை, வரிப்பணத்தில் பாதிக்கு மேல் இயக்கத்துக்குச் செலவிடக் கூடாதென்ற தடையையும் விதித்தது. கிளேட்டன் மக்களுக்குப் பேருந்தை மீட்டுத் தந்தது வாக்கெடுப்புதான். கேள்வி சரியாக எழுதப்பட்டால் வாக்காளர்கள் இயக்கச் செலவையும் ஏற்பார்கள் என்பதற்குச் சியாட்டில் சான்று. 2014 ஏப்ரலில் கிங் கவுண்டி முழுவதும் கேட்கப்பட்ட பேருந்து வரி தோற்றது. நகரத்துக்குள் மட்டும் அதற்குத் தெளிவான ஆதரவு இருந்தது. அதே நவம்பரில் சியாட்டில் தனியே கேட்டது: காருக்கு ஆண்டுக்கு 60 டாலர், விற்பனை வரியில் 0.1 விழுக்காடு, கைமாறாகக் கூடுதல் பேருந்துச் சேவை மணி நேரம். ரயிலுமில்லை, சுரங்கமுமில்லை. அது எளிதாக வென்றது. நாடெங்கும் பேருந்துப் பயணிகள் குறைந்த அந்த ஆண்டுகளில் சியாட்டிலில் கூடினர். 2020-ல் புதுப்பிக்கக் கேட்டபோது ஏறத்தாழ 80 விழுக்காடு ஆதரவு கிடைத்தது.

ஆகவே மூன்று திருத்தங்களை வற்புறுத்துகிறேன். வாசல் சாதாரணப் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். மக்கள் வேலைக்குப் போய்வரும் வட்டாரம் முழுவதும் ஒரே அலகாக எண்ணப்பட வேண்டும். பெரிய வட்டாரம் மறுத்தால் சியாட்டில் செய்ததுபோல் சிறிய அலகு தனக்கென வரி விதித்துக்கொள்ளும் உரிமை வேண்டும். மூன்றாவதே எனக்கு முதன்மையானது: இயக்கச் செலவின் பங்கு கட்டுமானத்துக்கு முன்பாக ஒதுக்கப்பட வேண்டும்.

விற்பனை வரி ஏழைகளை அதிகம் அழுத்துகிறது என்ற ஆட்சேபம் உண்மையானது. லிசா ஷ்வைட்சரும் பிரையன் டெய்லரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில் ஆரஞ்சு கவுண்டிச் சாலை ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் செலவைச் சுங்கத்துக்குப் பதில் விற்பனை வரியால் ஈடுகட்டினால் சுமை கீழ்த்தட்டினர் பக்கம் சாய்கிறது என்று காட்டினார்கள். ஏழைகள் தரும் வரி ஏழைகள் ஏறும் பேருந்துக்கே முதலில் போக வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான நியாயம் வேண்டுமா?

2025-ல் கலிஃபோர்னியாவில் சட்டமான செனட் மசோதா 63, விரிகுடாப் பகுதியின் ஐந்து கவுண்டிகளில் 2026 நவம்பரில் இத்தகைய வாக்கெடுப்புக்கு வழி திறந்தது. கையெழுத்துத் திரட்டிக் குடிமக்கள் முன்மொழிவாகக் கொண்டுவந்தால் சாதாரணப் பெரும்பான்மை போதும். பணத்தின் பெரும்பகுதி ‘பார்ட்’, ‘முனி’, ‘கால்ட்ரெயின்’, ‘ஏசி ட்ரான்சிட்’ ஆகிய போக்குவரத்துச் சேவைகளைத் தொடர்ந்து ஓட்டுவதற்கு. வாசலிலும் எண்ணும் அலகிலும் இது பழைய முறையைவிட நேர்மையானது. ஆனால் எந்த வழித்தடத்தில் எத்தனை மணி நேரச் சேவை என்பதும், அது குறைந்தால் வரி செலுத்துவோர் யாரிடம் முறையிடலாம் என்பதும் இத்தகைய முன்மொழிவுகளின் உரையிலேயே இடம்பெற வேண்டும். பயணிகள் அமைப்புகள் அதைக் கேட்க வேண்டிய நேரம், உரை எழுதப்படும் நேரம்.